ஏற்றமில்லாத கோடு

தையல்காரிக்கு மலை வரைபடங்கள் என்றால் உயிர். துணி வெட்டாத நேரத்தில் கடை மேசையில் அவைதான் விரிந்து கிடக்கும். போன வருடம் ஒரே ஒரு முறை சறுக்கினாள். ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் மேட்டுப் பக்கம் கூராக வளைந்தால் அது பள்ளம், தாழ்வுப் பக்கம் வளைந்தால் முகடு. அவள் அதை மாற்றிப் படித்து, முகடு என்று நம்பிக் கணவரை முள் மண்டிய ஓடைக்குள் இறக்கிவிட்டாள். அன்று முதல் அவர் வாயில் அவள் பள்ளத்து மகாராணி.

பிறகு அவருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நடக்கலாம், ஏற்றம் ஆகாது என்றார் டாக்டர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவரை மறுபடி மலைக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

புதிய வரைபடத்தில் எல்லாப் பாதையும் செங்குத்து. அந்த மலையில் செம்புச் சுரங்கம் ஓடிய காலத்துப் பழைய வரைபடத் தாளொன்றை எடுத்தாள். அதில் ஒரு மெல்லிய கோடு, சம உயரக் கோட்டை ஒட்டியே மலையின் இடுப்பைச் சுற்றிப் போனது. தாது வண்டிகளின் தண்டவாளம். அதன்மேல் நூலை வைத்து வளைவு வளைவாக நீவி, அளவுகோலில் நீட்டிப் பார்த்தாள். ஐந்து கிலோமீட்டர்.

"தண்டவாளத்த எப்பவோ பேத்து எடுத்திருப்பாங்க," என்றார் கணவர்.

"எடுக்கட்டும். பாறைய வெட்டிப் போட்ட தடம் எங்க போகும்? கல்லு ஏத்தின வண்டிய மனுஷன் தள்ளினான். ஏத்தம் வச்சா போட்டிருப்பான்?"

"போன தடவையும் இப்படித்தான் பேசின, மகாராணி."

"முட்டி வலிச்சா அங்கயே திரும்பிடலாம். அப்புறம் உங்கள மலைக்குன்னு கூப்பிடவே மாட்டேன்."

"நிம்மதி. அதுக்காகவாவது வரேன்."

தடம் இருந்தது, புல் மூடி, மேசைபோல் சமமாக. பாதி வழியில் ஓடை குறுக்கிட்டது. மரப்பாலம் நின்ற இடத்தில் இரண்டு கல் தூண்கள் மட்டும் மிச்சம். கணவர் கைத்தடியை ஊன்றிக் கீழே எட்டிப் பார்த்தார்.

"இதுவும் பள்ளந்தான். திரும்பிடலாமா?"

அவள் தாளைப் பார்த்தாள். தண்டவாளக் கோடு ஓடையைத் தாண்டிக் குதித்தது. சம உயரக் கோடோ உள்ளே போய், ஓடையே அந்த உயரத்துக்கு வந்து சேரும் இடத்தில் வளைந்து, மறுகரைக்குத் திரும்பியது.

"பாலந்தான் போச்சு. உயரம் அப்படியேதான் இருக்கு. வாங்க."

காட்டாடுகளும் அந்தக் கணக்கைப் போட்டிருந்தன; ஒற்றையடித் தடம் ஒன்று அதே மட்டத்தில் சுற்றிப் போனது.

சுரங்க வாயருகே, பச்சை படிந்த கற்குவியலுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார்கள். கணவர் கைத்தடியை ஓரமாக வைத்தார். அவள் மடியிலிருந்த தாளை இழுத்தார்.

"இங்க இன்னொரு கோடு போகுதே, அதுவும் வண்டித் தடமா?"

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

"நேராப் பிடிச்சவங்க எங்க இறக்கினாங்கன்னு தெரியாதா?" தாளைத் திருப்பிக்கொண்டார். "நூலு கொண்டாந்திருக்கியா?"