நீல மூடி மேலே

குளிர்பதனக் கிடங்கின் கதவைத் திறந்ததும், நகத்தால் ஒரு துளி சேற்றைக் கிள்ளி முன்பல்லில் தேய்க்கிறார் அம்பக்கா. நறநறத்தால் மணல். வழுக்கினால் களிமண். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தேய்ப்பார். "அளக்கத்தான் மெஷின் இருக்கே" என்று யாராவது கேட்டால், "இருக்கட்டும். அது மத்தியானம் சொல்லும். பல்லு இப்பவே சொல்லும்" என்பார். பிறகு துப்பிவிட்டுக் கையுறை மாட்டுவார்.

கடலில் வில்லாக வளைந்து நிற்கும் எரிமலைத் தீவுகளில், எப்போதாவது ஒரு மலையின் விலா சரிந்து தண்ணீரில் விழும். விழுந்தது ஆழத்தில் மணல் அடுக்காகப் படியும். அதன்மேல் நூற்றாண்டுக் கணக்கில் மெல்லிய சேறு இறங்கி மூடும். கப்பலிலிருந்து நீண்ட குழாயை இறக்கி அந்த அடுக்குகளை உருவி எடுத்து, ஒன்றரை மீட்டர் துண்டுகளாக அறுத்து, நெடுக்குவாட்டில் பிளந்து படிப்பது அம்பக்காவின் வேலை. மணலுக்கும் மணலுக்கும் நடுவே சேறு இருந்தால் மலை தவணை முறையில் விழுந்திருக்கிறது, அலை சிறியது. சேறே குறுக்கிடாத தடித்த மணல் என்றால் ஒரே அடியாக விழுந்திருக்கிறது. அப்போது எதிர்க்கரைத் துறைமுக ஊரில் ஐந்தாம் தெருவரை கடல் வரும்.

"சேறு அள்ளவா அவ்வளவு படிச்சே?" என்று அவருடைய அம்மா இன்றும் கேட்கிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அம்பக்காதான். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டில் வேறு யாரும் இல்லை.

பெயர்க் காரணம் எளிது. அறுத்த குழாய்த் துண்டுக்குத் தலை எது, கால் எது என்று தானாகத் தெரியாது. மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி, உடம்பில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. இந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சோப்புத்தூள் டப்பாவில் அம்பு. பூத்தொட்டியில் அம்பு.

"தொட்டிக்கு எதுக்கும்மா? செடி என்ன தலைகீழாவா முளைக்கப் போகுது?" என்றார் வீட்டுக்காரர்.

"போட்டு வச்சா தப்பில்ல."

இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதியதை அழிக்க மாட்டார். குறுக்கே ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. வீட்டுக்காரர் ஒருமுறை மளிகைச் சீட்டில் 'துவரம்பருப்பு' என்பதைக் கிறுக்கி அடித்துவிட்டார். அம்பக்கா அதைத் திரும்ப எழுதி, ஒற்றைக் கோட்டால் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "அடிச்சதையும் படிக்க முடியணுங்க."

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். வாயின் இருபுறமும் தொங்கும் மீசை. குழாய் இறங்கும்போது ஓரத்துச் சேறு கீழ்நோக்கி இழுபடும், அதனால் ஒவ்வொரு அடுக்கின் இரண்டு முனையும் தொங்கும் என்று அம்பக்கா ஒருமுறை விளக்கியபோது, "உங்க மீசை மாதிரி" என்று சேர்த்துக்கொண்டார். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை துறைமுக ஊரின் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்றாம் தெருவில் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள். அலை இரண்டாம் தெருவைத் தாண்டாது என்று பதினோரு ஆண்டுகளுக்கு முன் கோடு போட்டுக் கொடுத்தவர் அம்பக்கா. 'எல்லைக்கோடு மாறவில்லை' என்ற வரியின் கீழ் ஒரு கையெழுத்துப் போதும்.

பார்க்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. நான்கு துண்டுகளையும் மேசையில் வரிசையாகக் கிடத்தினார். மூன்றாவது துண்டுதான் புகழ்பெற்றது. கனமான மணல் முதலில் படியும் என்பது உலக வழக்கம். இதில் பருமணல் மேலே, பொடிமணல் கீழே. ஏன் அப்படி என்று அம்பக்கா இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். 'தலைகீழ் மணல்' என்றால் துறையில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வீட்டுக்காரர் வந்தார். வந்தவர் மேசையைக் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் என் மீசை மாதிரி தொங்குது. இந்த மூணாவது மட்டும் ஏன் முறுக்கிவிட்ட மாதிரி இருக்கு?"

அம்பக்கா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"நீங்க கிளம்புங்க. பஸ் எடுக்க நேரமாச்சு."

"ஏதும் தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

அவர் போனபின் அந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். மணல் மேலேறி இரண்டாம் துண்டின் மணலோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் இருந்த சேறு கீழே போய்விட்டது. இரண்டு சிறிய சரிவுகள் ஒரு பெரிய சரிவாயின. பருமணல் அடியில், பொடி மேலே, உலக வழக்கப்படி.

குழாயில் இருந்த அம்பு அவர் போட்டதுதான். அன்று கப்பல் ஆடிய ஆட்டத்தில் மூன்று முறை வாந்தி. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடி மாட்டினார். ஆனால் அதன்பின் பதினோரு ஆண்டுகள் தரையில்தான் இருந்திருக்கிறார். இந்த முறுக்கு மீசை கண்ணில் படாமல் இருந்திருக்காது. வீட்டின் முதல் பட்டதாரிக்குத் தனக்கென்று ஒரு கண்டுபிடிப்பு எவ்வளவு தேவைப்பட்டது என்பதுதான் கண்ணில் படவில்லை.

ஆய்வு நிலையத்தின் இயக்குநர் வந்து, அம்பக்கா சொன்னதை நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் அவரே எடுத்துவந்தார்.

"இத பாருங்கம்மா. பழைய அம்பைத் துடைச்சிட்டுப் புதுசா ஒண்ணு போட்டுடுங்க. மூடியை மாத்திடுங்க. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சேறு பேசப் போறதில்ல. புது அளவீடு வந்திருக்குன்னு ஊருக்கு எழுதிக்கலாம்."

"எந்த அளவீடு சார்?"

"ஏதோ ஒண்ணு. உங்க பேருக்காகத்தான் சொல்றேன். அந்த இருபத்திரண்டு பக்கம் என்ன ஆகும்?"

"வாபஸ் வாங்கணும் சார்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். மூணாம் தெருவுல நிக்காம, தள்ளி நின்னு சிரிக்கட்டும்."

நகராட்சிக் கடிதத்தை இழுத்து, 'மாறவில்லை' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் எழுதினார்: 'மாறுகிறது. ஐந்தாம் தெருவரை. முந்தைய கோடு என் பிழை.' கையெழுத்து, தேதி.

பிறகு இயக்குநரின் கையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கி, அதில் தான் போட்டிருந்த அம்பு தெரியும்படி அலமாரியில் வைத்தார். திரும்பி வந்து, குழாயின் மேலிருந்த பதினோரு வருட அம்பின் குறுக்கே, அடியில் இருப்பது யாருக்கும் தெளிவாகத் தெரிகிற மாதிரி, மெல்லிசாக ஒரே ஒரு கோடு இழுத்தார்.