கல்லெறிபவர்களை மோப்பம் பிடித்தவர்

மிருகக்காட்சிசாலையில் சிறுத்தைக் கூண்டுக் காவலருக்கு மோப்பக்காரர் என்று பெயர். கூட்டத்தில் எவன் கல்லெடுக்கப் போகிறான் என்பதை, அவன் குனிவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். ஜோசியமெல்லாம் இல்லை. பதினெட்டு வருடக் கவனிப்பு.

"கல்லெறியறவன் கெட்டவன் இல்லப்பா, எங்கேயோ வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தவன்," என்பார் டிக்கெட் கவுண்டர்காரரிடம். வரிசையில் திட்டு வாங்கியவன், மனைவி முன்னால் வழி தெரியாமல் அசடு வழிந்தவன், நண்பர்கள் ஓட்டி எடுத்தவன், இவர்கள்தான் நேரே சிறுத்தையிடம் வருவார்கள். அது பாட்டுக்குக் காலை நீட்டிப் படுத்திருக்கும். சீட்டியடித்தாலும் திரும்பாது. 'நீகூடவா என்னை மதிக்கமாட்டே?' என்று ஆசாமிக்குச் சுருக்கென்று இருக்கும். அவ்வளவுதான், கண் தரையில் கல்லைத் தேடும்.

மோப்பக்காரர் அதட்டமாட்டார். அதட்டினால் அடுத்த கூண்டில் போய் இரண்டாக எறிவான். பக்கத்தில் போய், "சார், உங்களைப் பார்த்தா பொறுப்பானவரா தெரியுது. கூட்டம் கம்பி மேல சாயாம கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?" என்பார். ஆசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காவலுக்கு நிற்பான். கல் மறந்தே போகும்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கும் ஒரு பெருமை இருந்தது. மாலையில் கூட்டம் கலைந்ததும், "ஏ மகாராணி!" என்று ஒரு குரல் கொடுப்பார். சிறுத்தை எழுந்து வந்து கம்பியோரம் அவருக்கு எதிரே உட்காரும். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இதைக் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொல்லிவைத்திருந்தார். சம்பந்தி கல்லூரி முதல்வர். 'கூண்டுக் காவல்' என்ற பேச்சு வந்தாலே அவர் உதடு ஒரு பக்கமாக இழுக்கும். அந்த உதட்டை நேராக்கியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அழைத்துவிட்டார்.

வந்தார்கள். வந்த நேரம் பார்த்துப் புது மேற்பார்வையாளரும் வந்தார். "யோவ், தண்ணித் தொட்டி கழுவாம கெடக்கு, இங்க என்ன அரட்டை?" என்று அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார். சம்பந்தி காதில் விழாதது போல மரங்களைப் பார்த்தார். திட்டைக்கூடத் தாங்கிவிடலாம், அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

"அதை விடுங்க சம்பந்தி, இப்ப பாருங்க. ஏ மகாராணி!"

நடுப்பகல். மாலையில் மட்டுமே கூப்பிட்டுப் பழக்கியவருக்கு அது தோன்றவே இல்லை. மகாராணி வாலைக்கூட அசைக்கவில்லை. மருமகன் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார்.

"பாவம், தூங்குது போல. பரவாயில்ல விடுங்க," என்றார் சம்பந்தி, ரொம்பப் பெருந்தன்மையாக.

எப்போது குனிந்தார், எப்போது எடுத்தார் என்று மோப்பக்காரருக்கே தெரியாது. சின்னக் கூழாங்கல்தான். விலாவில் பட்டது. சிறுத்தை துள்ளி எழுந்து அவரை நேருக்கு நேராகப் பார்த்தது.

"அடடே!" என்று சம்பந்தி கைதட்டினார். சொன்னால் வெட்கக்கேடு, அந்த ஒரு நொடி மோப்பக்காரருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை இனித்தது. பதினெட்டு வருடமாக அடுத்தவர் முகத்தைப் படித்தவருக்கு இந்த இனிப்பு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

"என்னப்பா இது?" என்றாள் மகள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேற்பார்வையாளரிடம் போய்த் தானே சொல்லிவிட்டார். "சின்னக் கல்லுதானேய்யா, போய் வேலையப் பாரு," என்று அவர் சிரித்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாலை கூட்டம் கலைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். சிறுத்தை உடனே எழுந்தது. அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. எழுந்து, கம்பிப் பக்கம் வராமல், பின்னாலிருந்த அறைக்குள் போய்விட்டது. எத்தனையோ பேர் எப்படியெல்லாமோ கூப்பிட்டிருக்கிறார்கள். யாருக்காகவும் அது எழுந்து உள்ளே போனதில்லை.