சீயக்காய் தேய்த்த துப்பாக்கிகள்

மரப்பெட்டியின் மூடியை ஹவில்தார் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது உள்ளே துப்பாக்கி எதுவும் தெரியவில்லை. பழுப்பேறிய மெழுகுத் தாளும் அதற்குள் அப்பியிருந்த கிரீஸும்தான் தெரிந்தன. சீன யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. கல்லூரிப் பையன்கள் எல்லோரும் படைப் பயிற்சி பெற வேண்டும் என்று ஆகியிருந்தது. உலக யுத்தத்தில் மிச்சமான துப்பாக்கிகளை, துருப் பிடிக்காமலிருக்க கிரீஸில் முக்கி எங்கோ ஒரு கிடங்கில் போட்டிருந்தார்கள். அவற்றில் ஐம்பது எங்கள் திருச்சிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. நான் வேதியியல் விரிவுரையாளன், வயது இருபத்தாறு. வேறு யாரும் முன்வராததால் மாணவர் படைக்கு அதிகாரி ஆனவன். ஹவில்தார் பட்டாளத்திலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பதவிப்படி அவர்தான் எனக்கு சல்யூட் அடிக்க வேண்டும். அடிப்பார். அதில் கொஞ்சம் கேலியும் கலந்திருக்கும்.

அந்த கிரீஸ் லேசில் விடுகிற ஜாதி இல்லை. குழலுக்குள், திருகாணி இடுக்கில், கட்டையின் ரேகையில் எல்லாம் புகுந்து உட்கார்ந்திருந்தது. ஹவில்தார் துப்பாக்கிகளை வெயிலில் சாய்த்து வைப்பார். கிரீஸ் இளகி வழியும்போது கோணித் துணியால் ஒரு துடைப்பு, பிறகு மண்ணெண்ணெய், முனையில் துணி கட்டிய கயிற்றைக் குழலுக்குள் விட்டுப் பல முறை இழுப்பு, கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஒரு துப்பாக்கிக்கு அரை நாள் ஆகும். அவருக்கு அவசரமில்லை, ஆனால் அக்கறை இருந்தது. கர்னல் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் ஹவில்தார் அடுத்த பதவியான ஜமேதார் ஆகலாம். வயது ஏறிக்கொண்டிருந்ததால் அதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. இதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பத்துத் துப்பாக்கிகள் பாக்கியிருக்கையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. மைத்துனன் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவில் கிளம்பியவர், “மிச்சத்த நான் வந்து பாத்துக்கறேன் சார். நீங்க கைவைக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதிகாரி நான், வேதியியல் படித்தவன் நான், எனக்கா தெரியாது? மறுநாளே கர்னல் திங்கட்கிழமை காலையில் வருகிறார் என்று தகவல் வந்தது. நான் ஸ்ரீரங்கத்துக்காரன். சனிக்கிழமை தோறும் தலையில் வைக்கிற நல்லெண்ணெயையும் ஒரு பிடி சீயக்காய் எடுத்துவிடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன். அம்மாவிடம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன். யாருக்குடா இத்தனை என்று கேட்டாள். சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. வெந்நீரும் சீயக்காயுமாகப் பத்துத் துப்பாக்கிகளையும் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கிரீஸ் போனது நிஜம். இரும்பு பளபளத்தது. அந்தப் பளபளப்பின் மேல் மறுபடி எண்ணெய் தடவ எனக்கு மனசு வரவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது எனக்காகவே சொன்னது.

திங்கட்கிழமை ஹவில்தார் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மைதானத்துக்கு வந்தார். பையன்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு துப்பாக்கியை முகர்ந்து பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. அதற்குள் ஜீப் வந்து நின்றது. கர்னல் ஒரு துப்பாக்கியை வாங்கி, கட்டை விரல் நகத்தைக் குழலின் அடியில் வைத்து, அதில் பட்டுத் தெறித்த வெயிலில் உள்ளே பார்த்தார். உள்ளே முழுக்கத் துரு. அடுத்ததிலும் அப்படியே. இதைக் கழுவியது யார் என்று இந்தியில் கேட்டார். ஹவில்தார் ஓரடி முன்னால் வந்து, நான்தான், தலைக்குத் தேய்க்கிற பொடியால் கழுவினேன், தவறு என்னுடையது என்று இந்தியிலேயே சொன்னார். கர்னல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன் மாதிரி நின்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அன்று மாலை மன்னிப்புக் கேட்கப் போனேன். கடன் வாங்கி வந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “பசங்க முன்னாடி ஆபீசர் தலை குனிஞ்சா நாளைக்கு எவனும் லைன்ல நிக்க மாட்டான் சார். விடுங்க” என்றார். பிறகு, “குளிப்பாட்டினது சரி. தலை துவட்டி விட்டிருக்கலாம்ல” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கர்னலிடம் உண்மையை எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தேன். வேலை போய்விடுமோ என்று பயந்து தினமும் தள்ளிப்போட்டேன். அடுத்த வருஷம் ஹவில்தாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஹவில்தாராகவே ஓய்வு பெற்றார்.

ஐந்தாறு வருஷம் கழித்து மண்ணச்சநல்லூரில் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு அரிசி மில்லில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்க ஆபீசர் என்று மனைவியிடம் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, இவர் துப்பாக்கிக்குச் சீயக்காய் தேய்த்த கதையைச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றார். எனக்குத் தாங்கவில்லை. “அம்மா, தேய்ச்சது நான்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. “எங்க வீட்ல தலைக்கு எப்பவும் அரப்பு இலைப் பொடிதான் சார், சீயக்காய் வாங்கினதே இல்ல. சீயக்காய்னு இவரு வந்து சொன்ன அன்னைக்கே, வேற யாரோ செஞ்சதுன்னு தெரிஞ்சுபோச்சு. யாருன்னுதான் எவ்வளவு கேட்டும் சொல்லல” என்றார்.

ஹவில்தார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் சார் சொன்னீங்க” என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவர் இல்லை. எனக்கும் அவருக்கு அன்றிருந்த வயதைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அன்று மைதானத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் அவர் ஜமேதார் ஆகியிருப்பார். அந்த வீட்டில் திறந்தது என் ஒருவனுக்குத்தான் உதவியது.