நடு சீட்டில் நான்

போன மாசி மாதம் அது. சம்பா அறுவடை முடிந்து எங்கள் பக்கம் எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். தஞ்சாவூரில் ஒரு தியேட்டரில் அண்ணன் தம்பி கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "கைக்குட்டை எடுத்துட்டுப் போங்க" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் வேறு கணக்குப் போட்டேன்.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். எனக்கு இரண்டு அண்ணன்கள். அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்தபோது, பெரியவர் வயல் வழியாகத்தான் சின்னவர் வயலுக்குத் தண்ணீர் போகவேண்டும் என்று அமைந்துபோனது. ஏதோ வாய்த்தகராறில் பெரியவர் ஒரு வருஷம் மடையை மண் போட்டு அடைத்துவிட்டார். கதிர் வரும் நேரத்தில் சின்னவர் பயிர் காய்ந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மூத்த மாமன் மாலை போட, இளைய மாமன் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். "அவன் வந்தா நான் வரல" என்றார் ஒருவர். "அவர் இருக்கிற இடத்துல எனக்கென்ன வேலை" என்றார் இன்னொருவர். நீரடித்து நீர் விலகுமா என்பார்களே, அதை நம்பி மூன்று டிக்கெட் எடுத்தேன். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது.

தியேட்டரில் பெரியவரைப் பார்த்ததுமே சின்னண்ணன் எழுந்தார். "உட்காருண்ணே, படம் பார்க்கத்தானே வந்தோம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். நல்லவேளை, விளக்கு அணைந்தது.

படம் எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டிச் சிரித்தேன். இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இரண்டுமே எங்கள் அப்பாவின் சிரிப்பு. இடைவேளையில் பெரியண்ணன் மூன்று பப்ஸ் வாங்கிவந்தார். என் கையில் இரண்டை வைத்து, "ஒண்ண அங்க குடு பாப்பா" என்றார். சின்னவரும் வாங்கித் தின்றார். எனக்குத் தின்னாமலே வயிறு நிறைந்தது. மாரியம்மனுக்கு மனசுக்குள்ளேயே மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

படத்தின் கடைசியில், வருஷக்கணக்காகப் பேசாத தம்பி வந்து அண்ணன் தட்டிலிருந்து ஒரு வாய் சோறு எடுத்துத் தின்பான். வசனமே கிடையாது. பெரியண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சின்னண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விளக்கு வந்தது. பெரியண்ணன் என்னைப் பார்த்து, "தம்பின்னா இப்படி இருக்கணும். எல்லாருக்கும் வாய்க்குமா?" என்றார்.

"அந்த அண்ணன் மடைய அடைக்கலையே பாப்பா" என்றார் சின்னவர், அவரும் என்னிடம்தான். அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.

ஒரே இடத்தில் அழுதவர்கள்தான். ஆளுக்கொரு பக்கம் நின்று தன் நியாயத்துக்கு அழுதிருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு இருவருமே வந்தார்கள். பெரியண்ணன் மாலை போட்டுவிட்டு, கை நனைக்காமல் வண்டியில் ஏறினார். அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை சின்னண்ணன் எதிர் டீக்கடையிலேயே நின்றார். கழுத்தில் மாலையோடு என் மகள் மண்டப வாசலில் காத்திருந்தாள். "நேரமாகுது, கூட்டிட்டு வாங்கம்மா" என்று உள்ளேயிருந்து ஐயர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் படத்தை டிவியில் போட்டால் இன்றும் பார்க்கிறேன், அதே இடத்தில் அழுகிறேன். ஆனால் நீரடித்து நீர் விலகாது என்று யாராவது சொன்னால் மட்டும் வாய் திறப்பதில்லை. எங்கள் வயலில் அதற்கு ஒரு கூடை மண் போதுமாயிருந்தது.