கோச் வேலையே வேண்டாம் என்ற மச்சினனுக்காக நான் ஆடிய ஃபைனல்

இன்றைக்கு மத்தியானம் நெய்வேலி கிரவுண்டில் நானும் ஃபுட்பால் ஆடினேன்!

(சிரிக்காதீர்கள். டீ விற்கத்தான் போனேன்.)

எல்லாம் என் வீட்டுக்காரியின் தம்பி சலீமால்.

டவுன்ஷிப்பில் நம்ம பிளாக் டீமுக்கு லெஃப்ட் விங் ஆடியவன். முட்டி போனதும் கோச் ஆனான். கோவா, அசாம், மாலத்தீவு என்று அவன் போகாத ஊர் இல்லை. (திருப்பி அனுப்பாத ஊரும் இல்லை!)

கடைசி கிளப்பும் பாதி சீசனிலேயே அனுப்பிவிட்டது. வந்ததிலிருந்து முகமே சரியில்லை. இன்று காலை மிசோரம் பக்கம் ஒரு கிளப்பிலிருந்து போன். எடுக்கவே இல்லை.

"போதும் மச்சான். இனிமே கோச் வேலையே வாணாம்."

"சரி மாப்ள. இன்னிக்கி நம்ம பிளாக் ஃபைனலுக்கு மட்டும் வந்து நில்லு. தோத்தாலும் வேலய விட்டுத் தூக்க மாட்டோம். சம்பளமே இல்லியே!"

முறைத்துக்கொண்டே வந்தான்.

வந்தவன் ஆட்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "யாருக்கு எந்த ஷிஃப்ட்?"

எங்கள் மேட்ச் உச்சி வெயிலில்தான் நடக்கும். மைன்ஸுக்கு செகண்ட் ஷிஃப்ட் போகிறவர்கள் முதல் பாதி ஆடுவார்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் மீதியை ஆடுவார்கள்.

"போறவன்லாம் அட்டாக்! மூச்ச மிச்சம் வைக்காதீங்க, பஸ்ஸுல போய் வாங்கிக்கலாம். வர்றவங்க கோல அடைச்சிக்கினு நிப்பாங்க."

முதல் பாதியிலேயே ரெண்டு கோல் அடித்தோம்!

ஹாஃப் டைம் விசில் ஊதியதும் அடித்தவர்கள் பூட்ஸோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

ஆனால் மைன்ஸிலிருந்து வர வேண்டிய பஸ்ஸைக் காணோம். ஆள் பற்றாமல் ஒரு கோல் வாங்கினோம்.

"மச்சான், கேன வச்சிட்டு உள்ள வாங்க."

"டேய், எனக்கு ஆடத் தெரியாதுடா!"

"யாரு ஆடச் சொன்னா? கோல் கம்பத்துக்கிட்ட நின்னுகினு இருங்க. அசையாதீங்க."

அசையவில்லை. பந்துதான் என் வயிற்றில் வந்து மோதித் திரும்பிப் போனது! (கிரவுண்டே கைதட்டியது. எனக்குத்தான் மூச்சு வரவில்லை.)

அதற்குள் பஸ் வந்தது. நிலக்கரித் தூசியோடு குதித்தார்கள். அதன் பிறகு ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. ஜெயித்தோம்!

சலீம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்ப் புல்லில் உட்கார்ந்தான். காலையில் எடுக்காத நம்பருக்கு அவனே போன் போட்டான்.

"சார், வர்றேன் சார். என்னிக்கி கெளம்பணும்?"

மேட்ச் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற அவன் அக்கா என்னைப் பார்த்தாள். "நீங்கதான ஏத்திவுட்டீங்க? டிக்கெட்டு நீங்களே எடுங்க!"

நாளைக்கு ரயில் ஏறுகிறான். மலைமேல் டவர் கிடைக்காதாம். வாழ்த்துகிறவர்கள் இன்றைக்கே வாழ்த்திவிடுங்கள்!