அகராதிக்காரர் விழுங்கிய அட்டை

அகராதிக்காரர் இடது கையால் சொற்குறிப்பு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது. முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது என் வேலை.

பதினொரு வருஷம் அவர் உழைத்தது ஒரே வார்த்தைக்கு: ‘ஸ்லிம்’. ஆங்கிலத்தில் ஒல்லி. டச்சில் கெட்டிக்காரன். ஜெர்மன் மொழியில் ‘ஷ்லிம்’ என்றால் மோசம். எல்லாமே ‘கோணல்’ என்ற பழைய வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்துக்கு அது பரம்பரைச் சொத்து என்று அகராதியில் அச்சேற்றியவர் இவர். இல்லை, டச்சிலிருந்து வாங்கியதுதான் என்று, ஒரு பழைய கடிதத்தின் வரியை அட்டையில் எழுதிக் காட்டினாள் உதவிக்கு இருந்த பெண். காதோரம் நச்சரிக்கிறாள் என்று அவளுக்குக் ‘கொசு’ என்று பேர் வைத்து, அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்தினார். அட்டையை மட்டும் வைத்துக்கொண்டார்.

இப்போது புதிய பதிப்பு வருகிறது. அட்டையைக் காட்டினால் திருத்தம் அவள் பெயரில் ஏறும், வேலையும் திரும்பக் கிடைக்கும். மறுநாள் வருவதாகப் போன் செய்திருந்தாள்.

“நர்சம்மா, இதைக் கிழிச்சுப் போடு.”

“அந்தப் பொண்ணு சொன்னது தப்பா ஐயா?”

“சரிதான். அதான் கிழிக்கச் சொல்றேன்.”

“உங்க உடம்பைத் துடைக்கத்தான் எனக்குச் சம்பளம். நீங்களே கிழிச்சுக்குங்க.”

ஒரு கையால் முடியவில்லை. பல்லால் கடித்தார். கடித்ததை மென்றார். தண்ணீர் குடித்தாலே புரையேறும் தொண்டை. முகம் நீலம் பாரித்தது. ஒருக்களித்துப் போட்டு, வாயில் விரலை விட்டுத் தோண்டினேன். பாதி வந்தது, பாதி உள்ளே இறங்கிவிட்டது. என் விரலையும் ஒரு கடி கடித்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவள் வந்துவிட்டாள்.

“அப்படி ஒரு அட்டையே கிடையாது, கொசு.”

“இருந்துச்சும்மா. தின்னுட்டார்,” என்று மிச்சத்தைக் கிண்ணத்தில் வைத்து நீட்டினேன்.

அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கடிதம் எந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்ற எண் மட்டும் இல்லை. பழைய கடிதங்களின் காப்பகத்தில் கட்டுகள் பல்லாயிரம்.

“ரெண்டு நாள் பொறுத்தா மீதியும் வெளிய வரும். இருந்து பொறுக்கிட்டுப் போ,” என்றார் அவர், அசைகிற பாதி வாயால் சிரித்து.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். நான் அதைக் கழுவி, மசித்த சாப்பாட்டைப் போட்டு ஊட்டினேன். இன்னும் இரண்டு கரண்டி கேட்டார். கொடுத்தேன்.