கோப்பில் இருந்த நட்டு

ஓர் அலுவலகத்துக்கு வந்த கடிதத்துக்கு உரிய காலத்தில் பதில் அனுப்ப வேண்டும். முடிவான பதிலை உடனே தர இயலாவிட்டால், கடிதம் கிடைத்தது என்பதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் என் உத்தியோக காலம் முழுவதும் இந்த விதியை லிகிதர்களின் தலையில் ஏற்றியவன் நான். கொழும்பில் கார் விற்கும் தனியார் கம்பனியை அது கட்டுப்படுத்தாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

விஷயம் ஒரு கியர் நொப், கியர்க் கம்பியின் தலையில் இருக்கும் கைப்பிடிக் குமிழ்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் என் இடது மணிக்கட்டு முறிந்து, எலும்பு பொருந்தினாலும் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. எங்கள் காரின் கியர் நொப்போ சிறியது, பல வருடத் தேய்ப்பில் கண்ணாடிக் குண்டு போல வழுவழுத்தது. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டையில் இருக்கும் மனைவியின் தங்கையைப் பார்க்கப் போனோம். கலஹாவுக்கு அப்பால் ஓர் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது கை வழுக்கியது. கியர் எதிலும் விழவில்லை. கார் பின்னோக்கி உருண்டது. பின்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். லொறிக்காரன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வீடு வந்து சேர்ந்ததும் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "இனிமே இந்தக் கார்ல ஏற மாட்டேங்க. தங்கச்சி வீட்டுக்கு நான் பஸ்ல போய்க்கிறேன்."

அன்று மாலையே மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். "அப்பா, பொங்கலுக்கு வர்றோம். அப்பவும் அம்மா கார்ல ஏற மாட்டேன்னு சொன்னா, காரை நாங்க கொண்டுபோய் வித்துருவோம். கோவிச்சுக்கக் கூடாது."

எனக்கு வேண்டியது புதிய காரோ புதிய கையோ அல்ல, பிடி கிடைக்கும் ஒரு நொப். கட்டுகஸ்தோட்டையில் உதிரிப்பாகக் கடையொன்றில் றப்பர் உறையிட்ட பெரிய நொப் ஒன்றை வாங்கிவந்தேன்.

கழற்றும் முறை கடினமானதல்ல. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நடுநிலையில் வைத்து, நொப்பை இடப்பக்கமாகத் திருக வேண்டும். திருகினேன். அசையவில்லை. துவாயைச் சுற்றித் திருகினேன். துவாய் மட்டும் சுற்றியது. இறுகிய திருகு மரையைச் சூடாக்கினால் இளகும் என்பதால் மனைவியின் ஹெயார் டிரையரை நீட்டு வயரில் இழுத்துவந்து காற்றடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, காருக்குத் தடிமன் சளியா என்று கேட்டார். கடைசியில் குறடு போட்டதும் 'டக்' என்றது. நொப் கையோடு வந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் மரை பொடிப்பொடியாகக் கொட்டியது. அதற்கடியில் கம்பியில் இருந்த மெல்லிய நட்டு ஒன்றும் கழன்று சீட்டுக்குக் கீழே உருண்டது. முழங்காலில் நின்று தேடி எடுத்தேன்.

புதிய நொப் இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது. பலவந்தமாக இறுக்கக் கூடாது என்பதும் விதிதான். கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"மரை வேற சேர். அளவு தெரிஞ்சா மாத்தித் தாறேன்" என்றார் கடைக்காரர்.

"அளவை எப்படித் தெரிந்துகொள்வது?"

"கம்பனியிலதான் கேக்கணும்."

அதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிரவே ஒரு கோப்புத் திறந்தேன். கடிதம் ஒரு பக்கம். முதலாவது பின்னிணைப்பு, காருக்கு வரி கட்டியதைக் காட்டும் வருமான அனுமதிப்பத்திரத்தின் பிரதி. இரண்டாவது, மொட்டையாக நிற்கும் கியர்க் கம்பியின் புகைப்படம். மூன்றாவது, என் பிரதியில் மட்டும், அந்த நட்டு. சிறிய பொலித்தீன் உறையில் போட்டு, 'கழற்றும்போது கிடைத்தது' என்று எழுதிக் கோப்பில் குத்திவைத்தேன். கடிதம் பதிவுத் தபாலில் போனது.

பதில் வரவில்லை. முதலாவது நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு முகாமையாளருக்குப் பிரதியிட்டு இரண்டாவது. தொலைபேசியில் பேசிய பெண், கடிதம் போட்டிருந்தால் கடிதத்தில் பதில் வரும் என்றாள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கார் ஷெட்டில் நின்றது. மனைவி ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறித் தெல்தோட்டைக்குப் போனாள். திரும்பிவந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்பாள்:

"மடவளை கராஜ் நானாவ வரச் சொல்லட்டுமா?"

"கம்பனிக்குப் போட்ட கடிதம் நிலுவையில இருக்கு. பதில் வர்றதுக்கு முந்தி நாமளா கைவச்சா, கேட்டதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும்."

"கடிதம் நிலுவையில இருக்கு. நான் பஸ்ல நிக்கிறேன்."

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் அவள் என்னைக் கேட்கவில்லை. மடவளையில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் மெக்கானிக், 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்று சொல்லும் எங்கள் நானா, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு பழைய பால்மா டின். உள்ளே நட்டுகள். கார்க் கதவைத் திறந்து, கம்பியைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுழற்றிப் பார்த்தார். மூன்றாவது நட்டு கம்பியில் கடைசிவரை ஓடியது. அதையே புதிய நொப்பின் துளையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் பத்து மில்லிதான் சேர். ஒங்கட கம்பி நைஸ் மரை, நெருக்கம். இந்த நொப் மொத்த மரை, எட்டம். அதான் ரெண்டு சுத்தோட நிக்கிது."

"கம்பனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்" என்றேன்.

"என்னத்த சேர்?"

"மரையின் அளவை."

நானா என் மனைவியைப் பார்த்தார். மனைவி தென்னை மரத்தைப் பார்த்தாள்.

"அளவு கேக்க நட்டு ஈக்கும்போது கடிதம் எதுக்கு சேர்?" என்று சொல்லிவிட்டு, நொப்பையும் அந்த மூன்றாவது நட்டையும் எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனார். தேநீர் ஆறுவதற்குள் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அளவு தெரிந்தால் மாற்றித் தருவேன் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான்.

இப்போது நொப் கடைசிவரை ஏறியது. ஆனால் இறுக்கிய இடத்தில் அதன் தலையிலிருந்த கியர்ப் படம் பக்கவாட்டில் திரும்பி நின்றது. படத்தை நம்பினால் முதலாம் கியரைப் போட மனைவியின் மடியில் கைவைக்க வேண்டும். நேராக்கினால் நொப் ஆடியது.

"கீழ மெல்லிசா ஒரு நட்டு ஈந்திருக்கணுமே சேர்? நொப்ப நேரா வச்சிட்டு, அத மேல ஏத்தி இறுக்கினாத்தான் ஆடாம நிக்கும். அது எங்க?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "கோப்புல இருக்கு."

கோப்பைக் கொண்டுவந்தேன். நானா பொலித்தீன் உறையை வெளிச்சத்தில் பிடித்து, நான் எழுதியிருந்ததை வாசித்தார். சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. "நல்லாத்தான் பாதுகாத்து ஈக்கீங்க" என்று மட்டும் சொன்னார். ஸ்பெனரால் இரண்டு திருகு. நொப் நேராக நின்றது.

பொங்கலன்று மகள் குடும்பத்தோடு வந்தாள். பானையை இறக்கிய கையோடு, எங்கள் வீட்டுக்கு மேலே போகும் செங்குத்தான பாதையில் காரை ஓட்டிக் காட்டச் சொன்னாள். நான் ஏறி உட்கார்ந்தேன். மகள் மற்றப் பக்கக் கதவைத் திறக்கப் போனாள். அவளை விலக்கிவிட்டு மனைவி ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முன்கண்ணாடியையே பார்த்தாள். வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றினேன். றப்பர் உள்ளங்கையில் ஒட்டி நின்றது. விரல்கள் மடங்க வேண்டியிருக்கவில்லை.

"தங்கச்சி வீட்டுக்கு இந்த ஞாயித்துக்கெழமை போவோம்" என்றாள். "மெதுவாவே ஓட்டுங்க." நாங்கள் திரும்பிவந்து இறங்கியபின் மகள் கார் விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

என் கோப்பு மட்டும் மூடப்படாமல் இருந்தது.

அதன்பிறகு ஒருநாள், மறுநாள் விரதமிருக்கும் மைத்துனிக்குப் பழங்கள் கொண்டுபோகப் புறப்பட்டு, காரைக் கேற்றுக்கு வெளியே எடுத்தபோது தபால்காரர் மறித்தார். நீண்ட வெள்ளை உறை. மனைவி பிரித்து வாசித்தாள். என் விசாரணை அவர்களுடைய கவனத்தில் இருக்கிறதாம். மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க வருமான அனுமதிப்பத்திரத்தின் பிரதியொன்றை அனுப்பி வைக்க வேண்டுமாம்.

"முதலாவது பின்னிணைப்பு!" என்று கத்தினேன்.

"கியரைப் போடுங்க" என்றாள் அவள், கடிதத்தை மடித்துப் பழப்பைக்குள் செருகிக்கொண்டே.

ஐப்பசியில் போட்ட கடிதத்துக்கு அந்தப் பதில் வந்தது சிவராத்திரிக்கு முதல் நாள்.